அணைத்த பின்னும் சுழலும் அமுக்கி

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் வாடகைக் கார் ஒன்றில், சித்திரை வெயிலில், நீங்கள் ஏறி அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டைத் தாண்டி மலை அடிவாரம் வரையில் காருக்குள் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். மலை ஏறத் தொடங்கியதும் ஓட்டுநரின் இடக்கையைக் கவனியுங்கள். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்பே அந்தக் கை குளிர்சாதனப் பொத்தானை அணைத்துவிடும். கண்ணாடிகள் கீழே இறங்கும். இருபது வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேரும்வரை அவர் அந்தப் பொத்தானைத் தொடமாட்டார். சேர்ந்த பிறகு தொடவேண்டிய தேவையும் இராது.

எஞ்சினின் வலுவில் ஒரு பங்கைக் குளிர்சாதனம் எடுத்துக்கொள்கிறது. ஏற்றத்தில் அந்தப் பங்கும் சக்கரத்துக்கு வேண்டும். இதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, மலைப்பாதையில்தான் கற்றுக்கொண்டார்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சற்றுப் பெரிய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தார். ஒருநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“ஏனுங்க சார், ஏ.சி.யை ஆஃப் பண்ணினாலும் கம்ப்ரசர் சுத்திக்கிட்டேதான் இருக்குதுங்க. மலை மேல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பட்டறையில காட்டினேன். கம்ப்ரசர் ஜாம் ஆயிருச்சு, மாத்தியே ஆகணும்ங்கறாங்க. ரெண்டு மாசத் தவணைக் காசு போயிருமுங்க” என்றார்.

அணைத்த பொறி ஏன் ஓட வேண்டும்? அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், அமெரிக்காவுக்கு ஒருமுறை, அதுவும் 1939-ஆம் ஆண்டு வரை, போய்வர வேண்டியிருக்கிறது. நீங்களும் உடன் வாருங்கள்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது அல்லவா? காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலிலும் அதுவே நடக்கிறது. அங்கே எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் ஆவியாகி, காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பானை நீர் காற்றோடு போய்விடும். இந்த ஆவியை நாம் விட்டுவிட முடியாது. அதை இழுத்து, அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள குழாய்களில் வெளிக்காற்றால் ஆறவைத்து, மீண்டும் திரவமாக்க வேண்டும். இழுத்து அமுக்கும் அந்தப் பொறிதான் அமுக்கி. பட்டறைகளில் கம்ப்ரசர் என்பார்கள்.

வீட்டுக் குளிர்சாதனத்தில் அமுக்கியை ஓட்டுவதற்கென்றே ஒரு மின்மோட்டார் உண்டு. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நிற்கிறது, மோட்டார் நிற்கிறது, அமுக்கியும் நிற்கிறது. காரில் அப்படியில்லை. அமுக்கிக்கு மோட்டாரே காரின் எஞ்சின்தான்! எஞ்சினின் முன்புறத்தில் ஓடும் பெல்ட் அமுக்கியின் புல்லியையும் சேர்த்துச் சுழற்றுகிறது. கார் ஓட வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓடினால் பெல்ட் ஓடும். பெல்ட் ஓடினால் புல்லி சுழலும். ஆகவே, காரில் ‘அணைத்தல்’ என்பது இயல்பாகக் கிடைப்பதன்று. யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடித்துப் பொருத்தியாக வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றிய காலம்

ஓடும் வண்டியைக் குளிர்விக்கும் ஆசை கார்க்காரர்களுக்கு முன்பே இரயில்காரர்களுக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலேயே 1934-இல் பிராண்டியர் மெயிலில் குளிர்சாதனப் பெட்டி இணைக்கப்பட்டது. குளிர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ் கட்டிகளிலிருந்து! பெட்டியின் அடியில் பாளம் பாளமாக ஐஸை அடுக்கி, அதன்மேல் காற்றை ஊதி உள்ளே அனுப்பினார்கள். வழியில் நிலையங்களில் புது ஐஸ் ஏற்றிக்கொண்டார்கள். அமுக்கியும் இல்லை, அணைக்கும் தொல்லையும் இல்லை.

காரில் ஐஸுக்கு இடமேது? அமுக்கிதான் வேண்டும். ஆனால், பழைய குளிர்பதனப் பொறிகளில் இருந்த அம்மோனியாவும் கந்தக டைஆக்சைடும் கசிந்தால் மூச்சுத் திணற வைப்பவை. மூடிய காருக்குள் அவற்றை வைக்கத் துணிவு வராது. 1930-இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய துணைவர்களும் நச்சில்லாத, தீப்பற்றாத ஒரு குளிர்பொருளை அறிவித்தார்கள். பிரியான்-12 என்று உலகம் அறிந்த பொருள் அது. (பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கச் சொன்னவரும் இதே மிட்ஜ்லிதான். ஒரே மனிதர் செய்த இரண்டு ‘நன்மை’களையும் பிற்காலத்தவர் பாடுபட்டு நீக்க வேண்டியதாயிற்று.)

1939-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம், தன் 1940 மாடல் கார்களில் குளிர்சாதனம் கிடைக்கும் என்று அறிவித்தது. கூடுதல் விலை 274 டாலர். சாமான் வைக்கும் டிக்கியின் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் குழாய்கள் அடைத்துக்கொண்டன. அமுக்கி முன்னால் எஞ்சினோடு இருந்தது. நீண்ட குழாய்கள் இரண்டையும் இணைத்தன. அதில் வெப்பநிலையைப் பார்த்து நிறுத்தும் கருவி கிடையாது. அமுக்கியை எஞ்சினிலிருந்து பிரிக்கவும் வழி கிடையாது. காற்றாடியை நிறுத்தலாம், அமுக்கியோ எஞ்சின் ஓடும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும்.

குளிர்காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றி வைத்தார்கள். அதுதான் உலகின் முதல் கார்க் குளிர்சாதனத்தின் ‘ஆஃப்’ சுவிட்ச். கோட்டு அணிந்த செல்வந்தர்கள் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பெல்ட்டைத் தொட எவ்வளவு விரும்பியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1941-க்குப் பிறகு பாக்கார்டு அதைக் கைவிட்டது.

போருக்குப் பின், 1953-இல், அமெரிக்கக் கார்களில் குளிர்சாதனம் மீண்டும் தலைகாட்டியது. 1954-இல் நாஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் காரின் முன்பகுதிக்குள்ளேயே அடக்கிக் காட்டியது; டிக்கி மீண்டும் சாமான்களுக்குக் கிடைத்தது. ஆனால் நம் கதைக்கு வேண்டிய கண்டுபிடிப்பு வேறு. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து அமுக்கிகளில் பரவிய மின்காந்தக் கிளட்ச்தான் அது.

‘டக்’ என்ற ஓசை

கிளட்ச் வேலை செய்யும் விதம் எளிமையானது. அழகானதும்கூட. புல்லியை அமுக்கியின் அச்சோடு இறுக்கிப் பொருத்தாமல், ஒரு பேரிங்கின் மேல் சும்மா சுழலும்படி விட்டுவிடுகிறார்கள். அச்சின் முனையில் தனியாக ஓர் இரும்புத் தட்டு. தட்டுக்கும் புல்லியின் முகத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. புல்லிக்குப் பின்னால், சுழலாமல், ஒரு கம்பிச்சுருள். பொத்தானை அழுத்தினால் சுருளில் மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது, புல்லி காந்தமாகிறது, தட்டை ‘டக்’கென்று தன்னோடு இழுத்துக்கொள்கிறது. இப்போது புல்லியும் அச்சும் ஒன்று. பொத்தானை அணைத்தால் காந்தம் மறைகிறது, வில்கள் தட்டைப் பின்னுக்கு இழுக்கின்றன. புல்லி தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். நடுவிலுள்ள தட்டு அசையாமல் நிற்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் உள்ள காரிலும் புல்லி எப்போதும் சுழல்கிறது. பானட்டைத் திறந்து, புல்லி சுழல்வதைப் பார்த்து, ‘அமுக்கி ஓடுகிறது’ என்று பதறுகிறவர்கள் பலர். பார்க்க வேண்டியது புல்லியை அல்ல, நடுத்தட்டை.

நம் நாட்டில் அம்பாசடரிலும் பியட்டிலும் டேஷ்போர்டுக்கு அடியில் தனிப்பெட்டியாகக் குளிர்சாதனம் பொருத்திக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். அது வசதியானவர்களின் கதை. 1983-இல் மாருதி 800 வந்தது. 1985-இல் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு சுப்ரோஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, மாருதிக்குக் குளிர்சாதனங்கள் தந்தது. அதன்பின் நடுத்தரக் குடும்பங்களும் அந்த ‘டக்’ ஓசைக்குப் பழகின. அந்தச் சிறு எஞ்சின் 796 சி.சி.; நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். அதில் மூன்று நான்கு குதிரைகளை அமுக்கி அவிழ்த்துக்கொண்டு போனால் ஏற்காட்டு ஏற்றத்தில் என்ன மிஞ்சும்? ஓட்டுநர்களின் இடக்கைப் பழக்கம் அங்கே பிறந்தது. நம் பட்டறைக்காரர்களும் அந்த ஓசையைக் கேட்டே தொழில் கற்றார்கள். தட்டு நின்றால் அமுக்கி அணைந்திருக்கிறது. தட்டு சுழன்றால் ஓடுகிறது. பொத்தானை அணைத்தும் தட்டு சுழன்றால் எங்கோ பழுது. அன்றைய வண்டிகளுக்கு இந்த விதி பிசகாது.

தூங்கும் பம்பரம்

கிளட்ச்சில் குறையும் உண்டு. அது ஒன்று முழுதாகச் சேர்கிறது, அல்லது முழுதாகப் பிரிகிறது, இடைநிலை கிடையாது. சேரும்போதெல்லாம் எஞ்சினுக்கு ஓர் இடி. சிறிய கார் குலுங்குவதை நீங்கள் உணர்ந்திருக்கலாம். காற்றும் ஒருமுறை அதிகமாகக் குளிர்ந்து, ஒருமுறை வெதுவெதுப்பாகி, மாறி மாறி வரும். வேண்டிய அளவு மட்டும் வேலை செய்யும் அமுக்கி கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1985 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் பிரிவு அத்தகைய அமுக்கி ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து உருளைகள் கொண்ட அதன் கொள்ளளவு, ஒரு சுற்றுக்குச் சுமார் 10 கன சென்டிமீட்டரிலிருந்து 151 வரை தானாகவே மாறியது.

இது எப்படி முடிகிறது? சிறுவயதில் விட்ட பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று வேகமாகச் சுழலும்போது ‘பம்பரம் தூங்குகிறது’ என்போம். அப்போது அதன் விளிம்பு மேலும் கீழும் அசைவதில்லை. வேகம் குறைந்து தள்ளாடும்போது விளிம்பின் ஒவ்வொரு பகுதியும் ஏறி ஏறி இறங்குகிறது. இந்த அமுக்கியின் அச்சிலும் ஒரு தட்டு உண்டு. தட்டு சாய்ந்திருந்தால் அதன் விளிம்போடு இணைந்த பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய் வாயுவை அமுக்குகின்றன. சாய்வு கூடினால் வேலை கூடும். சாய்வு குறைந்தால் வேலை குறையும். தட்டு ஏறக்குறைய நேராக நின்றுவிட்டால், அச்சு எத்தனை வேகமாகச் சுழன்றாலும் பிஸ்டன்கள் நகர்வதில்லை. பம்பரம் தூங்குகிறது!

ஹாரிசன் அமுக்கியில் கிளட்ச்சும் இருந்தது. அடுத்த படியை 1990-களின் இறுதியில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் எடுத்துவைத்தார்கள். தட்டை நிமிர்த்தி அமுக்கியைத் தூங்கவைக்க முடியுமானால் கிளட்ச் எதற்கு? காந்தச் சுருளையும் தட்டையும் தூக்கி எறிந்தார்கள். அமுக்கியின் பின்புறத்தில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு வால்வு வந்தது. பொத்தானை அணைத்தால் இந்த வால்வுக்கு மின்சாரம் நிற்கிறது. பிஸ்டன்களுக்குப் பின்னாலுள்ள அறையில் அழுத்தம் உயர்ந்து, தட்டைத் தள்ளி நிமிர்த்திவிடுகிறது. முழு வேலையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். அந்தச் சிறு ஓட்டம், உள்ளே எண்ணெயைச் சுற்றிவரச் செய்யப் பயன்படுகிறது. வெளியே பார்த்தால் புல்லியும் அச்சும் சேர்ந்து, எஞ்சின் ஓடும்வரை ஓயாமல் சுழலும். பாக்கார்டு காரில் சுழன்றதைப் போலவே!

அந்த எண்ணெய் ஓட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அச்சு அமுக்கியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. பல வாரம் ஓடாமல் கிடந்தால் அது காய்ந்து, கேஸ் கசியும். வீட்டுக் குளிர்பெட்டிக்கு இந்தத் தொல்லை 1927-இலேயே தீர்ந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் அந்த ஆண்டு விற்ற பெட்டியில் மோட்டாரும் அமுக்கியும் ஒரே இரும்பு ஓட்டுக்குள் அடைபட்டிருந்தன. பெல்ட்டால் ஓடும் கார் அமுக்கியை அப்படி அடைக்க முடியாது. கசிந்த பிரியான் எங்கே போகிறது என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் கேட்டார்கள். ஓசோன் படலத்துக்குப் போகிறது என்ற விடை உலகத்தை உலுக்கியது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. கார்களில் ஆர்-134ஏ என்ற மாற்று இடம்பிடித்தது. அது ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. ஆகவே, ‘கேஸ்தானே, அடித்துக்கொள்ளலாம்’ என்று கசிவை அலட்சியம் செய்வது இன்றைக்கும் சரியல்ல.

நண்பரின் காருக்குத் திரும்புவோம். அவருடைய பழைய வண்டியில் கிளட்ச் இருந்தது. தட்டு நிற்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். புது வண்டியின் பானட்டைத் திறந்தோம். புல்லியின் நடுவே விலகி நிற்கும் தட்டு இல்லை. பொத்தானை அழுத்தினாலும் ‘டக்’ ஓசை வரவில்லை. புல்லிக்குப் பின்னால் காந்தச் சுருளுக்கான கம்பியும் இல்லை. அமுக்கியின் பின்முனையில் வால்வுக்குச் செல்லும் மெல்லிய இணைப்பு ஒன்றுதான் இருந்தது. குளிர்சாதனத்தை அணைத்து, கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பிறகு எஞ்சினையும் நிறுத்தித் தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தோம். சில்லென்று இல்லை, வியர்க்கவும் இல்லை. அமுக்கி சுழன்றதே தவிர, வேலை செய்யவில்லை. (எஞ்சின் ஓடும்போது மட்டும் அங்கே கைவிடாதீர்கள். தோளில் துண்டு தொங்கினால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள்.)

அமுக்கி உண்மையிலேயே ஜாம் ஆகியிருந்தால் புல்லி அப்படி அமைதியாகச் சுழன்றிராது. இத்தகைய அமுக்கிகளின் புல்லியில், அச்சு இறுகிவிட்டால் தானே முறிந்து புல்லியை விடுவிக்கும் மெலிந்த பகுதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெல்ட் அறுந்து, அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர் முதலியவையும் நின்றுபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பட்டறைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். தட்டு நின்ற காலத்தில் தொழில் கற்றவர் அவர். கற்ற விதியைத்தான் சொன்னார். விதிதான் இடையில் மாறிவிட்டது. மலையில் வண்டி இழுக்காததற்குக் காரணம் ஏர் பில்டரில் சேர்ந்திருந்த புழுதி. அதை மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய்.

அணைத்தும் சுழல்வதெல்லாம் பழுதல்ல என்று நினைத்து நீங்கள் உறங்கிவிடவும் கூடாது. கிளட்ச் உள்ள காரில், பொத்தானை அணைத்தும் நடுத்தட்டு சுழன்றால் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை விடும் ரிலேயின் முனைகள் தீப்பொறியால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயைப் பிடுங்கினால் தட்டு நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால், தட்டே புல்லியோடு உருகி ஒட்டியிருக்கலாம்.

பழுதே இல்லாமல் கார் தானாக அமுக்கியை ஓட்டும் நேரமும் உண்டு. மார்கழியில் ஏற்காட்டு மேல் வளைவுகளில் மூடுபனி இறங்கும். முன்கண்ணாடி உள்பக்கம் மங்கும். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் குமிழைத் திருகியதும், பல கார்களில் நீங்கள் கேளாமலே அமுக்கி வேலை தொடங்கிவிடுகிறது. சிலவற்றில் அதற்கான விளக்கும் எரியாது. அங்கே வேண்டியது குளிர் அல்ல, உலர்ந்த காற்று. குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து வடிந்துவிடுகிறது. உலர்ந்த காற்று கண்ணாடியைத் துடைத்துவிடுகிறது. 1902-இல் வில்லிஸ் காரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக முதல் நவீனக் குளிர்சாதனத்தை வகுத்ததும் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போனதே அவருக்கு வந்த புகார்.

2003-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில் அமுக்கிக்குத் தனி மின்மோட்டார் கிடைத்தது. பெல்ட் போயிற்று, வெளியே நீளும் அச்சும் போயிற்று, வீட்டுக் குளிர்பெட்டியைப் போல எல்லாம் ஓர் ஓட்டுக்குள் அடங்கின. இனியாவது சுவிட்சை அணைத்தால் அணையும் அல்லவா? இன்றைய மின்கார்கள் பலவற்றில் பாட்டரியைக் குளிர்விப்பதும் அதே அமுக்கிதான். விரைவு மின்னேற்றத்தின்போது கார் அசையாமல் நிற்கும். எஞ்சின் என்பதே கிடையாது. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும். அமுக்கி மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் நண்பருக்கு உண்டு. 2025 முதல் நம் நாட்டில் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. அந்தத் தம்பிக்கும் புது வண்டி வந்திருக்கிறதாம். போன வாரம் நண்பர் தொலைபேசியில் அவரிடம் பேசுவது என் காதில் விழுந்தது: “தம்பி, புல்லியைப் பார்க்காதே. நடுவுல தட்டு இருக்குதான்னு பாரு. இல்லேன்னா, அது தூங்குதுன்னு அர்த்தம்.”